விற்ற பின் வரும் முறைப்பாடு

பாவித்த மின்சாதனங்களை வாங்குவதும் விற்பதும் இப்போது நம் வீடுகளில் சாதாரண விடயமாகிவிட்டது. 2022 ஆம் ஆண்டில் சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய மடிக்கணினி என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாயிற்று. படிப்போ கணினி இல்லாமல் நடவாது. அதனால் பாவித்த பொருளின் சந்தை வளர்ந்தது. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் இதை நன்றாகக் காணலாம். படிப்பை முடித்துப் போகும் மாணவி விற்பாள். முதலாம் வருடத்துக்கு வந்தவள் வாங்குவாள். இடையில் கடை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, உத்தரவாத அட்டையும் இல்லை. இரண்டு பேரின் சொல் மட்டுமே உண்டு.

எப்படி விற்பது, எப்படிப் பேரம் பேசுவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். விற்று முடிந்து, காசும் செலவான பிறகு, "நீங்க தந்த சாமான் பழுது" என்று தொலைபேசி வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லித்தருவோர் குறைவு. இக்கல்லூரியில் உயர்தர வர்த்தகப் பிரிவில் கற்று, இப்போது அப்பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடத்தில் பயிலும் எனக்கு அப்படியோர் அழைப்பு வந்தது. அது எப்படித் தீர்ந்தது, ஏன் அப்படித் தீர்த்தோம் என்பதைத் தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த காக்கா எனக்குப் புதிய மடிக்கணினி ஒன்று கொண்டுவந்தார். ஐந்து வருடம் பாவித்த பழையதை 55,000 ரூபாவுக்கு முதலாம் வருட மாணவி ஒருத்திக்கு விற்றேன். வந்தாறுமூலைக்கு அப்பால் உள்ள ஒரு தமிழ்க் கிராமத்துப் பிள்ளை அவள். விற்பதற்கு முன்பே அதன் குறைகளை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தேன்: பற்றரி பழையது, ஒன்றரை மணித்தியாலம்தான் நிற்கும், பின்மூடியில் கீறல் உண்டு, ஒரு விசை சற்று இறுக்கம். கைமாற்றிய அன்று வாப்பாவும் என்னுடன் வந்தார். அவள் ஒரு மணித்தியாலம் இயக்கிப் பார்த்தாள். திரையைத் திறந்து மூடுவதையும் விசைகளையும் கையடக்கத் தொலைபேசியில் காணொளியாக எடுத்து இருவரும் வைத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. "அக்கா, லெப்டொப் அரை மணித்தியாலத்தில தானா நிக்குது. பற்றரியும் நிக்குதில்ல. மூடியும் ஆடுது. நான் என்ன செய்யுற?" அவள் பேசி முடிப்பதற்குள் அவளுடைய மாமா தொலைபேசியை வாங்கி, "காசத் திருப்பித் தாங்க தங்கச்சி" என்றார். பின்னால் யாரோ, "உங்கட ஆக்களிட்ட வாங்கினா இப்படித்தான்" என்று சொன்னதும் கேட்டது.

இந்த விடயத்தில் உண்மையான ஆபத்து அந்தக் கடைசி வசனத்தில்தான் இருந்தது. 55,000 ரூபா பெரிய காசுதான். ஆனால் ஏறாவூரும் செங்கலடியும் வந்தாறுமூலையும் ஒரே வீதியில், ஒரே பஸ்ஸில் போய்வரும் ஊர்கள். ஒரு சாமானின் குறை, ஒரு சமூகத்தின் குறையாகப் பேசப்பட அதிக நேரம் தேவையில்லை. அந்த வசனத்துக்குப் பதில் சொல்லப் புறப்பட்டால் மடிக்கணினி மறந்துபோகும், சண்டை மிஞ்சும். சாமானைப் பற்றி நேர்மையாக நடப்பதே அதற்கும் பதிலாகும்.

முதல் பதில்

முறைப்பாடு வந்தவுடன் இரண்டு விதமான பதில்கள் வாயில் வரும். ஒன்று, "வித்தது வித்ததுதான், எனக்குத் தெரியாது." மற்றது, பயத்தில் "காசத் தந்துடுறன்." இரண்டும் சாமானைப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புகள். நான் சொன்னது இதுதான்: "மாமா, நீங்க சொல்லுறத கேட்டன். நாளைக்குப் பின்னேரம் சாமானைப் பார்த்துப்போட்டுப் பேசுவம்." இதில் ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை, ஆனால் ஒரு நேரம் இருக்கிறது. முறைப்பாடு செய்பவரின் கோபம் பெரும்பாலும் "இவள் இனி தொலைபேசியை எடுக்கமாட்டாள்" என்ற பயத்திலிருந்து வருவது. நேரம் குறித்துச் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

அன்றிரவே அந்தப் பிள்ளையிடம் சில கேள்விகள் எழுதிக் கேட்டேன். எந்த நாளில் முதலில் நின்றது? என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது நின்றது? மின்சாரத்தில் இணைத்திருந்ததா? கீழே விழுந்ததா? யாராவது திறந்து பார்த்தார்களா? நிற்கும்போது ஒரு காணொளி எடுத்து அனுப்ப முடியுமா? குற்றவாளியை விசாரிப்பது போலக் கேட்கக் கூடாது. வைத்தியர் நோயாளியைக் கேட்பது போலக் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்பதால் பதிலும் எழுத்தில் இருக்கும். பின்னர் எவரும் மாற்றிச் சொல்லத் தேவை வராது. சாமானைப் பார்க்கும்வரை வேறு எவரும் அதைத் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

மூன்று வகைக் குறைகள்

அவள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே வகையானவை அல்ல. ஒரு முறைப்பாட்டைத் தீர்ப்பதற்கு, அதிலுள்ள குறைகளை முதலில் இப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, விற்கும்போதே சொல்லப்பட்ட குறை. பற்றரி அப்படியானது. விண்டோஸ் கணினிகளில் பற்றரி அறிக்கை ஒன்றை எடுக்கலாம். தொழிற்சாலையில் வைத்த கொள்ளளவும் இப்போது கொள்ளும் அளவும் அதில் அருகருகே இருக்கும். 45,000 என்றிருந்தது 27,000 ஆகியிருந்தால் பற்றரியில் 60 வீதம்தான் எஞ்சியிருக்கிறது என்று பொருள். லிதியம் பற்றரி பாவிக்கப் பாவிக்கத் தேயும். நம் பகுதியின் வெக்கையில் இன்னும் விரைவாகத் தேயும். அந்த அறிக்கையின் படத்தையும் நான் விற்கும்போதே அனுப்பியிருந்தேன். 55,000 என்ற விலை அந்தப் பற்றரியையும் கணக்கிட்டுப் போடப்பட்டது. எனவே அதற்காக மீண்டும் விலை குறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, விற்கும்போது இருந்த, ஆனால் எவருக்கும் தெரியாத குறை. மூன்றாவது, கைமாறிய பின் வந்த குறை. தானாக நிற்பதும் மூடி ஆடுவதும் இவற்றில் எது எது என்று வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. மறுநாள் செங்கலடியில் இருவருக்கும் பொதுவான ஒரு திருத்துநரிடம் சென்றோம். அவளும் மாமாவும் வந்தார்கள். நானும் வாப்பாவும் சென்றோம். எங்கள் முன்னிலையில் திறக்கச் சொன்னோம்.

உள்ளே காற்றாடி தேய்ந்து மெதுவாகச் சுற்றியது. வெப்பம் வெளியேறும் துவாரத்தில் தூசு கட்டியாகப் படிந்திருந்தது. செயலியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவை நெருங்கினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். நான் அதில் தட்டெழுதினேன், வாசித்தேன். செயலி சூடாக வேலை இருக்கவில்லை. அவளோ காணொளி வகுப்பையும் புள்ளிவிபர மென்பொருளையும் ஒன்றாக இயக்கினாள். காற்றாடியின் தேய்வு பத்து நாளில் வந்ததல்ல, பழையது. என்னிடம் வெளிப்படாதது அவளிடம் வெளிப்பட்டது.

மூடியின் கதை வேறு. பிணைச்சலைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பகுதி புதிதாக உடைந்திருந்தது. கைமாற்றிய அன்று எடுத்த காணொளியில் அதே மூடி ஆடாமல் நின்றது. காணொளியைப் பார்த்த அந்தப் பிள்ளையே, "பையோட ஒருக்கா விழுந்தது அக்கா" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் பொருள் விற்பனைக்கு அடிப்படையான சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது அது. வர்ணனை சொல்லி விற்றால் பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. இது வீட்டிலிருந்து விற்பவருக்கும் பொருந்தும். எட்டு ஜீபி நினைவகம் என்று சொல்லி நான்கு ஜீபி கொடுத்தால், "நான் வியாபாரி இல்லை" என்று தப்ப முடியாது.

ஆனால் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அவ்வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்கே உரியது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் வர்த்தகர்களைக் கட்டுப்படுத்தவே ஏற்படுத்தப்பட்டது. கடையில் ஏமாந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பக்கத்து விடுதிப் பிள்ளையிடம் வாங்கியதற்கு அந்த வழி பொருந்தாது. தெரிந்தே பொய் சொல்லி விற்றால் அது ஏமாற்றுதல் என்ற குற்றம் ஆகலாம். தெரியாமல் இருந்த குறையைப் பொறுத்தவரை, தனியாள் விற்பனையில் சட்டம் வாங்கியவருக்குத் தரும் பாதுகாப்பு குறைவு.

அப்படியானால் அந்தக் காற்றாடிக்கு நான் எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சட்டம் விட்ட இடத்தில் நியாயம் முடிந்துவிடுவதில்லை.

நியாயம் என்ன சொல்கிறது?

நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். நனைந்த தானியத்தை விற்பதை அவர்கள் தடுக்கவில்லை. நனைந்ததை அடியில் வைத்து விற்பதையே கண்டித்தார்கள். பழைய பற்றரியுள்ள கணினியை விற்கலாம். பற்றரி பழையது என்ற செய்தி மேலே இருக்க வேண்டும்.

மார்க்கச் சட்டம் இன்னும் ஒரு படி செல்கிறது. கைமாறுவதற்கு முன்பே இருந்து, பெறுமதியைக் குறைத்து, வாங்கியவருக்குத் தெரியாமலிருந்த குறை வெளிப்பட்டால், பொருளைத் திருப்பும் உரிமை அவருக்கு உண்டு. விற்றவர் அறிந்திருந்தாரா இல்லையா என்பது இங்கு நிபந்தனை அல்ல. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், குறை தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். வாங்கியவரிடம் புதிய குறை ஒன்று சேர்ந்துவிட்டால், பொருளை அப்படியே பலவந்தமாகத் திருப்ப முடியாது. இருவரும் பேசி ஈடு செய்துகொள்ள வேண்டும். "இருக்கிறபடியே விற்கிறேன், பிறகு கேட்கக் கூடாது" என்ற வார்த்தை, தெரிந்து மறைத்த குறைக்குப் போர்வையாகாது.

வேறு நாகரிகங்களும் இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. பண்டைய ரோமில் சந்தையைக் கண்காணித்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் குறைகளை முன்னரே அறிவிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டனர். குறை வெளிப்பட்டால் ஆறு மாதத்துக்குள் விற்பனையை முறிக்கலாம். ஒரு வருடத்துக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம்.

இவற்றின் அடியில் ஓர் எளிய எண்ணம் உண்டு. விலை என்பது இருவரும் அறிந்த நிலைக்குப் போடப்பட்டது. காற்றாடி தேய்ந்தது என்று அன்று தெரிந்திருந்தால் அவள் 55,000 தந்திருக்கமாட்டாள், நானும் கேட்டிருக்கமாட்டேன். எனக்குத் தெரியாது என்பது என்மீதான பழியை நீக்கும்; ஆனால் விலையிலுள்ள மிகையை நீக்காது. அந்த மிகை அவளுடைய காசு.

தீர்த்த விதம்

புதிய காற்றாடிக்கும் துப்புரவுக்குமாக 5,500 ரூபா ஆகும் என்றார் திருத்துநர். மூடியைச் சரிசெய்ய 3,500. நான் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று, காற்றாடிச் செலவு என்னுடையது, மூடிச் செலவு அவளுடையது, கணினி அவளிடமே இருக்கட்டும். மற்றது, கணினியை நான் திருப்பி எடுத்து, மூடிச் செலவான 3,500 ஐக் கழித்து 51,500 ரூபா தருகிறேன். மாமா பற்றரிக்கும் காசு கேட்டார். அனுப்பிய செய்தியைக் காட்டி, "இத முதலே சொல்லித்தான் தந்தன் மாமா, விலையும் அதுக்குத்தான் போட்டது" என்றேன். அவர் செய்தியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை முதல் வழியைத் தெரிவு செய்தாள்.

அங்கேயே ஒரு குறிப்பு எழுதி இருவரும் வைத்துக்கொண்டோம்: எந்தக் குறை, யார் எவ்வளவு கொடுத்தார், எந்தத் திகதி, இத்துடன் இம்முறைப்பாடு தீர்ந்தது. நான்கு வரிதான். நல்லபடியாக முடிந்த விடயத்துக்கு எழுத்து எதற்கு என்று தோன்றும். நல்லபடியாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

வேறு விதமாக நடந்தால்

எல்லா முறைப்பாடும் இப்படி முடியாது. பேச்சு முறிந்தால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். ஊரில் பலர் இணக்க சபை என்பார்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. சபையினர் தீர்ப்பு வழங்குவதில்லை. இரு தரப்பையும் பேசவைத்து இணக்கம் காண முயல்வார்கள். இணங்கினால் அதற்கொரு சான்றிதழ், இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ். இத்தகைய சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போக அந்த இணங்காமைச் சான்றிதழ் வேண்டும்.

பொருளைத் திருப்பி எடுக்க உடன்பட்டால், கொடுத்த அதே பொருள்தானா என்பதைத் தொடரிலக்கத்தைக் கொண்டு பாருங்கள். வாங்கியவர் தன் படங்களையும் கணக்குகளையும் உங்கள் முன்னால் அழிக்கட்டும். விற்கும்போது நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டும். வெறுமனே கோப்புகளை நீக்குவது போதாது. கணக்கிலிருந்து வெளியேறி, சாதனத்தைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் படங்கள் இருந்த சாதனத்தில் இது விலையைவிட முக்கியமானது.

கையடக்கத் தொலைபேசியானால் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை இருவரும் எழுதிவைக்க வேண்டும். பிறகு "இது களவுபோன போன்" என்றோ "நீங்கள் தந்தது இது அல்ல" என்றோ பேச்சு வந்தால் அந்த எண்தான் பேசும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளுக்கு முறைப்பாட்டு அழைப்பு வந்தால், தொலைபேசியை உடனே பறித்துப் பேசாதீர்கள். அவள் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். சந்திப்பு பகலில், பொது இடத்தில் நடக்கட்டும். வீட்டு முகவரி கொடுக்கத் தேவையில்லை. மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் வைத்து, பெரியவர்கள் பொறுப்பை எடுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு?

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970 இல் பாவித்த கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க மனம் வராதவர்கள் சந்தையை விட்டுப் போவார்கள். எஞ்சுவது கெட்டவை, விலை மேலும் விழும். இந்த ஆய்வுக்காக 2001 இல் பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

விரிவுரையில் இதைப் படித்தபோது எனக்குக் கார் தோன்றவில்லை. விடுதிப் பிள்ளைகள்தான் தோன்றினார்கள். பாவித்த பொருளை நம்பி வாங்க முடியாத நிலை வந்தால், புதியது வாங்க வசதியுள்ள பிள்ளைக்கு நட்டமில்லை. வசதியில்லாத பிள்ளையே கணினி இல்லாமல் நிற்பாள். குறையை முன்னே சொல்லி விற்பவளும், முறைப்பாட்டை நின்று கேட்பவளும் அந்தப் பிள்ளைக்கான வாசலைத் திறந்து வைக்கிறார்கள்.

ஆகவே தங்கைமாரே, விற்கும் நாளில் குறைகளை எழுத்தில் கொடுங்கள், சாமானைக் காணொளியில் பதியுங்கள். முறைப்பாடு வந்தால் நேரம் குறித்துப் பதில் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து பாருங்கள். சொன்ன குறைக்குச் செலுத்த வேண்டாம்; பின்னால் வந்த குறைக்கும் வேண்டாம்; முன்பே இருந்து எவருக்கும் தெரியாமலிருந்த குறையின் பங்கை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் செலவானது 5,500 ரூபா. அந்தப் பிள்ளை இரண்டாம் அரையாண்டுப் பரீட்சைக்கு அதே கணினியில்தான் படித்தாள். அவளுடைய அறைத் தோழிக்கு ஒரு தொலைபேசி தேவைப்பட்டபோது எங்கள் விடுதிக்குத்தான் கேட்டு அனுப்பினாள்.